சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் தமிழ்நாட்டிலிருந்து சில மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிங்கப்பூர் வந்து சேர்கிறார்கள். அவர்களில் பொருள்களின் வலிமை, முறிவு என்று எங்கள் துறைப்பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது: "அக்கா, சிமுலேஷன் பக்கம் போகட்டுமா, எக்ஸ்பெரிமென்ட் பக்கம் போகட்டுமா?"

இரண்டு பக்கமும் போங்கள் என்பதுதான் என் பதில். ஒரு பொருளை இழுத்தால், அமுக்கினால், வளைத்தால் எங்கே எப்போது உடையும் என்று கணினியில் முன்கூட்டிச் சொல்வது இந்தத் துறையின் ஒரு பாதி. இயந்திரத்தில் மாட்டி உடைத்துப் பார்ப்பது மறு பாதி. இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போது ஒன்றின் குறை இன்னொன்றில் ஒளிந்துகொள்ள முடியாது. இந்த ஊரில் அதற்கு வாய்ப்பும் அதிகம். எங்கள் கட்டடத்தில் சோதனைக்கூடம் கீழே, எங்கள் மேசைகள் மேலே. பெரிய கணக்கு என்றால் தேசிய மீக்கணினி மையத்துக்கு அனுப்பலாம். ஃபியூஷனோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் இருக்கும் உயர்திறன் கணினியியல் ஆய்வுக்கழகத்துக்குப் போய் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் எம்ஆர்டி ரயிலில் போய்வரும் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பல குழுக்களில் கணக்கு போடுகிறவர் சோதனைக்கூடத்துக்கு இறங்குவதே இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. இரண்டையும் நான் எப்படிச் சேர்த்துச் செய்கிறேன், கணிப்பைச் சோதனைக்கு முன்பே ஏன் எழுதி வைக்கிறேன் என்று இங்கே சொல்கிறேன்.

நான் அதிகம் உழைத்தது நைலானில். முப்பரிமாண அச்சில் செய்த நைலான், அதில் துண்டு துண்டாகக் கார்பன் இழை. எடை குறைந்த தாங்கிகள், ட்ரோன் பாகங்கள் போன்றவற்றுக்கு இது நல்ல பொருள். ஆரம்ப நாட்களிலேயே ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் இழுத்துப் பார்த்த சாம்பிள்கள், கணக்கு சொன்னதைவிட மிக இளக்கமாக இருந்தன. இழையில்லாத வெறும் நைலானும் அப்படியே. குழுக் கூட்டத்தில் எல்லோரும் கணினி மாடலைத்தான் சந்தேகப்பட்டார்கள். மெஷ் (பொருளைக் கணினியில் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போதவில்லை, அச்சடித்த அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிணைப்பு சரியில்லை என்று ஆளுக்கொரு விளக்கம். சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பல வருடம் பட்டறையில் இருந்தவர். அவரிடம் சொன்னபோது ஒரே வரியில் கேட்டார்: "எடை போட்டுப் பாத்தியாம்மா?"

எடை போட்டோம். உலர்த்தும் அடுப்பில் வைத்து மறுபடி எடை போட்டோம். குறைந்தது. போனதெல்லாம் தண்ணீர்.

நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நைலான் 6 என்ற வகை 50 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும்போது தன் எடையில் 2.5 முதல் 3 சதவிகிதம் வரை தண்ணீரை வைத்திருக்கும். தண்ணீரிலேயே ஊறினால் 9 சதவிகிதம் வரை போகும். அந்தத் தண்ணீர் மூலக்கூறுகள் பாலிமர்ச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடும். அதனால் காய்ந்த நிலையில் சுமார் 3 கிகாபாஸ்கலாக இருக்கும் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், ஈரம் ஏறியதும் ஏறக்குறைய 1 கிகாபாஸ்கலுக்கு இறங்கும். கண்ணாடிநிலை மாறும் வெப்பநிலையும் (விறைப்பான பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலை) 50, 60 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலை அளவுக்கு வந்துவிடும். பொருள் விற்பவர்கள் தரும் விவரத்தாளில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது காய்ந்த நிலையின் எண்தான். சில தாள்களில் ஈர நிலையின் எண் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

சிங்கப்பூர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். சோதனைக்கூடத்தில் ஏர்கான் ஓடுவதால் உள்ளே நிலைமை வேறு, தாழ்வாரத்தில் வேறு, வார இறுதியில் ஏர்கானை நிறுத்திவிட்டால் மறுபடி வேறு. ஒரே தட்டில் அச்சடித்த இரண்டு சாம்பிள்களில் ஒன்று உலர்பெட்டியிலும் இன்னொன்று மேசையிலும் கிடந்தால், சோதனையைப் பொறுத்தவரை அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

அதனால் நாங்கள் கைக்கொண்ட வழக்கம் இது. சாம்பிள் கைக்கு வந்ததும் எடை. சோதனைக்குப் போடும் முன் எடை. நடுவில் எங்கே வைத்திருந்தோம் என்ற குறிப்பு. ஈரம் ஏறிய நிலையைச் சோதிக்க வேண்டுமென்றால் அறையில் சும்மா போட்டு வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. ஈரம் உள்ளே பரவும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மாதக்கணக்கில் ஆகும். ஐஎஸ்ஓ 1110 என்ற தரநிலை 70 டிகிரி வெப்பம், 62 சதவிகித ஈரப்பதத்தில் வைத்து இதை விரைவாகச் செய்ய வழி சொல்கிறது. அதைப் பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு இளகியும் நடுப்பகுதி விறைத்தும் இருக்கும் ஒரு சாம்பிளை இழுத்துவிட்டு அதற்கு ஒரே ஒரு குணகம் கொடுப்பீர்கள். எந்த மாடலும் அந்த எண்ணுக்கு ஒத்துவராது.

அடுத்து, நீட்சியை அளப்பது. இழுவிசை இயந்திரத்தின் திரையில் தெரியும் நகர்வை எடுத்துத் திரிபு (நீட்சியை மூல நீளத்தால் வகுத்து வருவது) என்று கணக்கிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இயந்திரத்தின் சட்டம், பிடிப்பான்கள், விசை அளக்கும் செல் எல்லாமே சுமையில் கொஞ்சம் நீளும். 50 மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள எஃகுச் சாம்பிளில் 0.1 சதவிகிதத் திரிபு என்றால் நீட்சி வெறும் 0.05 மில்லிமீட்டர். இயந்திரம் நீளுவதும் அதே அளவில் இருக்கக்கூடும். பிடிப்பானில் சாம்பிள் சற்று வழுக்கினாலும் அதுவும் அந்த எண்ணில் சேரும். அளவீடு சாம்பிளின் மேலேயே நடக்கவேண்டும்.

இதற்கு நான் அதிகம் நம்புவது டிஜிட்டல் பட ஒப்பீட்டு முறை. 1980களின் தொடக்கத்தில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவானது. சாம்பிளின் மேல் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் கருப்புப் புள்ளிகளைத் தெளித்து, இழுக்கும்போது கேமராவில் படம் எடுப்போம். மென்பொருள் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரமும் எங்கே நகர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்க வேண்டும். கோலப்புள்ளி போல வரிசையாக இருந்தால் எந்தப் புள்ளி எது என்று மென்பொருளுக்குத் தெரியாது, பக்கத்துப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுவிடும். ஒரு புள்ளி படத்தில் 3 முதல் 5 பிக்செல் அகலம் இருப்பது நல்லது. ஒரு சதுரத்துக்குள் குறைந்தது மூன்று புள்ளிகளாவது விழவேண்டும்.

இந்த முறையை இங்கே கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. சுமை ஏற்றுவதற்கு முன், எதையும் தொடாமல், அசையாத சாம்பிளைப் பல படங்கள் எடுங்கள். அவற்றை ஒப்பிட்டுத் திரிபைக் கணக்கிடுங்கள். எதுவும் நீளவில்லை, ஆகவே விடை பூஜ்யமாக வரவேண்டும். வராது. வருகிற அந்த எண்தான் உங்கள் அளவீட்டின் இரைச்சல், அதற்குக் கீழே எதைப் பார்த்தாலும் நம்பாதீர்கள். விளக்கின் சூட்டில் காற்று அலையும், ஏர்கான் காற்று நேராகக் கேமரா முக்காலியில் படும், கேமரா அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். எல்லாமே திரிபாகத் தெரியும். எல்இடி விளக்குக்கு மாறுங்கள், கேமராவை முன்கூட்டியே ஓடவிடுங்கள், சாம்பிளுக்கும் கேமராவுக்கும் நடுவே சின்ன மின்விசிறி ஒன்றை வைத்துக் காற்றைக் கலக்கிவிடுங்கள். பெயின்ட் இந்த ஊரில் மெதுவாகத்தான் காயும். அதற்காக நாட்கணக்கில் விட்டுவிட்டால் அது விறைத்துப்போய், சாம்பிள் அதிகம் நீளும்போது பெயின்டில் விரிசல் விழும். அடித்த அன்றோ மறுநாளோ சோதித்துவிடுவது என் வழக்கம். நைலான் என்றால் பெயின்டின் எடையையும் கணக்கில் வையுங்கள்.

இனிக் கணினிப் பக்கம்.

கணக்கு ஓடி முடிந்ததும் வண்ணப் படத்தைப் பார்க்காதீர்கள். முதலில் தாங்குமிடங்களில் வரும் எதிர்விசைகளைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த சுமையோடு, தேவையான இடத்தில் பொருளின் சொந்த எடையையும் சேர்த்து, அவை சமமாக இருக்க வேண்டும். இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்று தோன்றலாம். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில், பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு காலத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஹோட்டல் நியூ வேர்ல்ட் என்பார்கள். 1986 மார்ச் 15 அன்று அது ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. உள்ளே வரும் மனிதர்கள், சாமான்கள் ஆகியவற்றின் சுமை மட்டும்தான் கணக்கில் இருந்தது. அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், கூட்டத்தோடு நின்று பார்த்ததாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு அந்தப் பக்கம் சாப்பிடப் போனால், நான் அந்த முனையைக் காட்டாமல் வருவதில்லை.

அதன்பிறகு 1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட கட்டமைப்புக் கணக்கை, அங்கீகாரம் பெற்ற வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று ஆக்கியது. ஆய்விலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என் மாடலின் கோப்பைத் தோழியிடம் கொடுத்து "பாரு" என்றால், அவள் என் அனுமானங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்வாள். வரைபடத்தையும் பொருளின் தரவையும் மட்டும் கொடுத்து, அவளையே தொடக்கத்திலிருந்து ஒரு மாடல் கட்டச் சொல்வேன். இரண்டும் ஒரே விடைக்கு வந்தால் மேலே போகலாம்.

அலகுகள் பற்றிச் சுருக்கமாக. பல மென்பொருள்களுக்கு அலகு என்பதே தெரியாது. மில்லிமீட்டர், நியூட்டன், விநாடி என்று எடுத்தால் நிறை டன்னில் வந்தாகவேண்டும், எஃகின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 7.85×10⁻⁹ டன் ஆகும். இதை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். மெதுவாக இழுக்கும் சோதனையின் கணக்கை விரைவாக்க நிறையைக் கூட்டிப் போடுகிறவர்கள், அந்தக் கூடுதல் நிறை விடையைக் கெடுக்காமல் இருக்க, இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் சில சதவிகிதத்துக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முறிவைக் கணக்கிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மெஷ். பொருள் உச்ச விசையைத் தாண்டி இளகத் தொடங்கியதும், சேதம் முழுவதும் ஒரே ஒரு வரிசை எலிமென்ட்டில் (மெஷ்ஷின் சிறு துண்டு) போய்க் குவியும். எலிமென்ட்டைச் சிறிதாக்கினால் சேதம் அடையும் பகுதியும் சிறுக்கும், உடைக்கத் தேவையான ஆற்றலும் குறைந்துகொண்டே போகும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் குறையும். அப்படியானால் அந்த விடை பொருளைப் பற்றியதாக இருக்க முடியாது, மெஷ்ஷைப் பற்றியது. முறிவு ஆற்றலை எலிமென்ட்டின் அளவோடு கட்டிப்போடும் விரிசல் பட்டை முறையை பசாண்ட்டும் ஓவும் 1983-இலேயே கான்கிரீட்டுக்கு எழுதிவைத்தார்கள். இப்போது வேறு முறைகளும் உண்டு. எதை எடுத்தாலும், குறைந்தது மூன்று வெவ்வேறு மெஷ்களில் ஓட்டி விசை–நகர்வு வளைகோடு நிலைத்து நிற்பதைக் காட்டாமல் முறிவைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பொருள் எப்படிச் சேதமடைகிறது என்று சொல்லும் சேத மாடல்களில் பத்துக்கும் மேற்பட்ட அளவுருக்கள், அதாவது நாமே தேர்ந்து போடவேண்டிய எண்கள், இருப்பது சகஜம். சோதனை வளைகோடு கையில் இருக்கும்போது அந்த அளவுருக்களைத் திருகித் திருகி இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், கட்டுரையிலும் ஏறும். ஆனால் அதில் கணக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்த விடையைத் திரும்பச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் ஆய்வு நாகரிகம் பற்றிய பேச்சு என்று நினைக்கவேண்டாம். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, வட்டப்பாதை ரயிலுக்காகத் தோண்டிய 30 மீட்டருக்கும் ஆழமான பள்ளம் இடிந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்ளே போயிற்று. விசாரணைக் குழு கண்ட காரணங்களில் இரண்டு எங்கள் துறைக்கு மிக நெருக்கமானவை. ஒன்று, மென்மையான கடற்களிமண்ணுக்குக் கணினியில் எடுத்துக்கொண்ட பொருள் மாடல். தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் ஒரு பகுதி இன்னொன்றின்மேல் சறுக்கும்படி விசை வரும்போது அந்தக் களிமண்ணில் நீர் அழுத்தம் ஏறி வலிமை குறையும். எடுத்துக்கொண்ட முறை அதைக் காட்டாமல் மண்ணை உண்மையைவிட வலுவானதாகக் காட்டியது. அதனால் பள்ளத்தின் பக்கச் சுவரின் வளைவும் அதில் வரும் விசைகளும் குறைவாகத் தெரிந்தன. இன்னொன்று, குறுக்கே தாங்கிய எஃகு உத்தரங்களின் இணைப்புகள். அங்கே வைத்த சி வடிவ விறைப்பிகள் உச்ச விசைக்குப் பிறகு வேகமாக வலிமை இழக்கும் வகை. ஒன்று விட்டுக்கொடுத்ததும் சுமை பக்கத்து இணைப்புக்குத் தாவியது.

இதில் என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. சுவர் அசைவதை அளக்கும் கருவிகள் அங்கே இருந்தன. அளவீடுகள் கணக்கு சொன்ன வரம்பைத் தாண்டின. அப்போது அளவீட்டுக்குப் பொருந்தும்படி கணக்கின் எண்கள் மாற்றப்பட்டன, வரம்புகள் உயர்ந்தன, வேலை தொடர்ந்தது. அளவீடு கணக்கை மறுத்தது, அந்த மறுப்பை யாரும் கேட்கவில்லை. வளைகோட்டைப் படியவைக்கும் பழக்கம் முதலில் ஆய்வுக்கூடத்தில் விடப்படவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

என் வழி இப்படி. வழவழப்பான நேர்ச் சாம்பிளில் அளவுருக்களைக் கண்டுபிடிப்பேன். அப்புறம் அவற்றைத் தொடமாட்டேன். வேறு வடிவத்தில், உதாரணமாக வெட்டு போட்ட சாம்பிளிலோ துளை போட்டதிலோ, என்ன நடக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதுவேன்: உச்ச விசை எவ்வளவு, எங்கே முதலில் விரியும், எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு விலகினால் இந்த மாடலைக் கைவிடுவேன். கடைசி வரி மிக முக்கியம், அதைச் சோதனைக்குப் பிறகு எழுத மனம் வராது. அந்தப் பக்கத்தை மேற்பார்வையாளருக்கும் ஒரு நண்பருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். அண்ணனுக்கும் இது பிடித்துப்போய், சாம்பிளை மாட்டும்போது "இன்னிக்கு எங்க உடையும்னு எழுதியிருக்க?" என்று கேட்பார். அவரும் தன் கணிப்பைச் சொல்வார், பல நேரம் சரியாகவும் இருக்கும்.

உலக அளவில் இதை நன்றாகச் செய்தவர்கள் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தார். 2012-இல் துருப்பிடிக்காத எஃகு ஒன்றை எடுத்து, அதன் அடிப்படைத் தரவையும் ஒரு புதுச் சாம்பிளின் வரைபடத்தையும் பல குழுக்களுக்குக் கொடுத்து, விரிசல் எப்படிப் போகும் என்று சோதனை விடையைக் காட்டாமலே கேட்டார்கள். பிறகு டைட்டானியக் கலவையில் ஒரு முறை, முப்பரிமாண அச்சில் செய்த எஃகில் ஒரு முறை. முதல் சவாலில் தெரியவந்த ஒரு செய்தியை நான் எல்லோருக்கும் சொல்வேன்: சில சாம்பிள்களில் துளைகள் வரைபடத்திலிருந்து சற்றே விலகியிருந்தன, அந்த விலகலே விரிசலின் பாதையை மாற்றப் போதுமானதாக இருந்தது. ஆகவே வரைபடத்தில் உள்ள எண்ணை மாடலில் போடாதீர்கள். ஒவ்வொரு சாம்பிளையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணைப் போடுங்கள்.

கணிப்பு தவறினால் என்ன செய்வது? ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். அச்சடித்த பொருளில் பெரும்பாலும் ஒரு காற்றுக்குமிழோ, சரியாக உருகிச் சேராத அடுக்கோ கண்ணில் படும். இதற்காகவே உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடக்கூடாது. இரு பாதிகளையும் முகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பையில் போட்டு, சாம்பிள் எண், தேதி, எடை எழுதி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மற்றவற்றோடு ஒத்துவராத சாம்பிளைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை நீக்காதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஆய்வுத் தலைப்பு முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம், வந்த மாதமே ஒரு பயிற்சி செய்யலாம். பட்டறையில் ஓர் அலுமினியத் தகட்டைக் கேட்டு வாங்கி, நடுவில் துளை போடுங்கள். துளையின் விட்டம் தகட்டின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும். முடிவில்லாத தகட்டில் துளையின் விளிம்பில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இல் காட்டினார். உங்கள் தகட்டின் அகலத்துக்கு அது மூன்றைச் சற்றே தாண்டும். அதைக் கையால் கணக்கிட்டு எழுதுங்கள். அடுத்து கணினியில் செய்து எழுதுங்கள். அதன்பிறகு புள்ளி தெளித்து, கேமரா வைத்து, அலுமினியம் நிரந்தரமாக நீண்டுவிடாத அளவுக்கு மட்டும் இழுத்துப் பாருங்கள். கேமரா காட்டும் எண் மற்ற இரண்டையும்விடக் குறைவாகத்தான் வரும். மென்பொருளின் சதுரம் விளிம்புவரை போகாது, போகிற இடத்திலும் சராசரிதான் எடுக்கும். சதுரத்தின் அளவைப் படிப்படியாக மாற்றி அந்த எண் எப்படி நகர்கிறது என்று வரைந்துகொண்டு சோதனைக்கூடத்துக்கு வாருங்கள், அண்ணனையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவோம்.